ஒரு பரு

"அசையாத" என்றார் யேசுராஜ்.

வாசலில் நாற்காலி. அதில் அவர் மனைவி மேரிராணி. அவள் முகத்துக்கு நேரே கைபேசியின் வெளிச்சம். கம்பெனி பஸ் வரும் நேரம்.

யேசுராஜுக்கு சிப்காட்டில் வேலை. வண்டி உதிரிபாகங்களின் தரம் பார்ப்பவர். கண்ணை நம்ப மாட்டார். கட்டைவிரலை ஓட்டுவார். மேடு என்றால் விரலில் தட்டும். வெறும் கீறல் என்றால் தட்டாது. விரல் சொன்னதை அவர் மாற்றிச் சொன்னதில்லை. லாரி காத்து நின்றபோதும், மேனேஜர் கெஞ்சியபோதும்.

அங்கே புள்ளி இருந்தால் 'ரிஜெக்ட்' என்று தள்ளிவிடுவார். வீட்டில் புள்ளியைத் தேடுகிறார்.

மேரிராணிக்கு நுரையீரலில் கட்டி. பெங்களூரில் காட்டினார்கள். டாக்டர் காகிதத்தில் ஒரு வட்டம் போட்டார். இது செல். இதன் மேல் ஒரு கை இருக்கிறது. வெளியிலிருந்து 'வளர்' என்று செய்தி வந்தால் அந்தக் கை வாங்கும். உள்ளே கைமாறிக் கைமாறி மரபணு வரைக்கும் போகும். அங்கே மூடிக் கிடக்கும் பக்கம் திறக்கும். செல் வளரும், இரண்டாகும். உங்கள் மனைவிக்குச் செய்தி வராமலே கை வாங்கிக்கொண்டிருக்கிறது. மாத்திரை அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளும்.

முகத்தோலிலும் அதே கை உண்டு. மாத்திரை அதையும் பிடிக்கும். அதனால் பரு வரும். வந்தால் மருந்து வேலை செய்வதற்கு நல்ல அறிகுறி. வராவிட்டாலும் பயமில்லை, ஸ்கேன்தான் சொல்லும்.

அந்தக் கடைசி வாக்கியம், ஊர் திரும்பும் பஸ் அத்திப்பள்ளி தாண்டுவதற்குள் யேசுராஜுக்கு மறந்துவிட்டது.

மாத்திரை தொடங்கி ஒரு மாதம் ஆகப்போகிறது. பரு இல்லை.

தினமும் காலையில் நாற்காலி, வெளிச்சம், விரல். முன்பெல்லாம் அவருடைய டிபன் டப்பா காலியாக, கழுவாமல் வரும்; இப்போது தினமும் மாலையில் சோற்றோடு திரும்பி வருகிறது. மேரிராணி அதைத் தெரு நாய்க்கு வைக்கிறாள்.

ரோஜா வளர்க்கும் பாலிஹவுஸ் கொட்டகையில் அவளோடு பூ வெட்டும் எஸ்லின் நேற்று விடவில்லை.

"என்னாக்கா, மூஞ்சி இப்பிடிப் பளபளங்குது? என்னா க்ரீமு? எங்களுக்கெல்லாம் சொல்ல மாட்டியா?"

மேரிராணி சிரித்து வைத்தாள்.

வெளிச்சம் நெற்றியிலிருந்து இறங்கிக் கன்னத்துக்குப் போனது. மூக்கின் ஓரத்தில் நின்றது.

ஒரு சிவப்புப் புள்ளி.

யேசுராஜ் குனிந்தார். கட்டைவிரலை வைத்து மெதுவாக ஓட்டினார். மறுபடி ஓட்டினார்.

விரலில் எதுவும் தட்டவில்லை.

கை தாழ்ந்தது. வெளிச்சம் அவள் மடியில் விழுந்தது. அங்கே, மாதா படத்துக்கு வைக்க அவள் நேற்று கொண்டுவந்த ரோஜா. காம்பில் முள் எல்லாம் சீவியிருந்தது, ஒன்றைத் தவிர. அதன் நுனியில் லேசான சிவப்பு.

"ஏங்க, என்னா? ரிஜெக்டா?"

குரலில் சிரிப்பு இருந்தது. கண் அவர் முகத்தை விட்டு நகரவில்லை.

தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது.

யேசுராஜ் வெளிச்சத்தை அணைத்தார்.

"பாஸ்" என்றார்.

அன்று மாலை டிபன் டப்பா காலியாகத் திரும்பி வந்தது.

கழுவியிருந்தது.