கழற்றிய டிஸ்க்

கணினியின் பாகங்களை ஆட்டிவைக்கும் அடிப்படை மென்பொருளான கெர்னலைப் புதிதாகப் போட்ட நாளிலிருந்து அந்தச் சோதனைக் கணினியின் டிஸ்க் ஆமையாகிவிட்டது. ஒரு ஃபைலைச் சேமிக்கச் சொல்லிவிட்டுப் போய்க் காபி குடித்துவிட்டு வரலாம். அலுவலகத்தில் கெர்னல்காரர் என்றே பெயர் வாங்கிய அந்த மனிதர் வரி வரியாக மாற்றி, மறுபடி கம்பைல் செய்து, கணினியை எழுப்பி எழுப்பி அலுத்துப்போனார். கெர்னல் டிஸ்க்கிடம் கேட்க வேண்டியதையெல்லாம் ஒழுங்காகத்தான் கேட்டது. டிஸ்க்தான் பதில் சொல்ல யோசித்தது.

"என்னதான்டா வேணும் உனக்கு? வாயத் திறந்து சொல்லித் தொலையேன்!" என்று அதையே திட்டினார். பக்கத்து மேசைக்காரர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

கடைசியில் பொறுமை போய், ஓடிக்கொண்டிருந்த கணினியிலிருந்து டிஸ்க்கை வெடுக்கென்று உருவினார். திரையில் பிழைச் செய்தி வரவில்லை. சோதனை வேகம் பிடித்தது. மெமரியில் மிச்சமிருப்பதைக் காட்டி ஏமாற்றுகிறதோ என்று கணினியை அணைத்து மறுபடி போட்டார். ஃபைல்கள் அப்போதும் எழுத்துப் பிசகாமல் இருந்தன.

மேனேஜரம்மா வந்து திரையைப் பார்த்தார். "அட, சரி பண்ணிட்டீங்களே!"

"மேடம், டிஸ்க் என் கையில இருக்கு."

"வேகமா ஓடுதுல்ல?"

"ஓடுது. அதான் மேடம் பிரச்சினையே! எங்க போய் எழுதுது?"

"ஐயா சாமி, ஓடுறதுல கை வைக்காதீங்க. கஸ்டமருக்கு இன்னிக்கே அனுப்பியாகணும்" என்றவர், தானே குனிந்து ஒரு ஃபைலைச் சேமித்துப் பார்த்தார்.

கெர்னல்காரரின் உள்ளங்கையில், ஒயர் எதுவும் இல்லாத டிஸ்க் ஒரு முறை துடித்து அடங்கியது.