புகைபோக்கிக்குக் கீழே

அத்தான் மறுபடியும் கப்பலின் மூக்கில் போய் அடித்தார்.

திரையில் தண்ணீர் பனைமர உயரத்துக்கு எழும்பி விழுந்தது. சரக்குக் கப்பல் லேசாகத் தலையைத் தாழ்த்தியது, அவ்வளவுதான். புகை விட்டுக்கொண்டு தன்பாட்டுக்குப் போனது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காலையிலிருந்து இதே கூத்து. இந்த நீர்மூழ்கி விளையாட்டில் நான் கணக்குப் பார்க்கிற ஆள், அவர் குறி பார்க்கிற ஆள். எதிரிக் கப்பல் என்ன வேகத்தில் போகிறது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது, எல்லாவற்றையும் நான் அளந்து கொடுக்கிறேன். டார்பிடோ குண்டு தண்ணீருக்குள் எவ்வளவு ஆழத்தில் ஓட வேண்டும் என்பதையும் நானே வைக்கிறேன். பெரிஸ்கோப்பின் குறுக்குக்கோட்டைப் புகைபோக்கிக்கு நேர் கீழே நிறுத்திப் பட்டனை அமுக்குவது ஒன்றுதான் அவர் வேலை. எஞ்சின் அறை அங்கேதான் இருக்கிறது. அதில் ஒன்று விழுந்தால் போதும், கப்பல் இரண்டாகப் பிளந்துவிடும்.

அதை மட்டும் செய்ய மாட்டேன் என்கிறார்.

மூக்கில் அடிக்கிறார். இல்லாவிட்டால் வாலில் அடிக்கிறார். பாம்பை அரைகுறையாக அடித்துவிட்ட கதைதான். அடி வாங்கிய கப்பல் வயர்லெஸ்ஸில் அலறும், காவல் கப்பல் எங்கள் தலைக்கு மேலே வந்து குண்டுகளைக் கொட்டும், நாங்கள் செத்துப்போவோம். பிறகு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

நாளைக் காலையில் அத்தான் கிளம்புகிறார். போனால் திரும்பிவர மாசக்கணக்காகும். இன்றைக்கே இந்தக் கப்பலை முடித்தாக வேண்டும் என்று எனக்கு வெறி.

அவருக்கும் கப்பல் வேலைதான், நிஜக் கப்பல். முன்பு எஞ்சின் அறையில் இருந்தார். அங்கே ஒருநாள் தீப்பிடித்தது. கூட நின்ற இரண்டு பேர் போய்விட்டார்கள், இவர் தப்பி வந்தார். அன்றைக்கு அக்கா பிடித்த பிடிதான். இனிமேல் எஞ்சின் அறை என்றால் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது என்றுவிட்டாள். சமையலறைக்கு மாறிவிட்டேன் என்று அவர் சத்தியம் பண்ணின பிறகுதான் திரும்ப அனுப்பினாள். நாளைக்கும் அந்தச் சத்தியத்தை நம்பித்தான் அனுப்புகிறாள்.

வெந்நீர் வைக்கச் சொன்னாலே விழிக்கிற மனிதர் நடுக்கடலில் என்னத்தைச் சமைத்துப் போடுகிறாரோ என்று நாங்கள் கேலி பண்ணுவோம். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

"அத்தான், புகைபோக்கிக்குக் கீழ. எத்தன தடவ சொல்றது?"

"சரி மாப்ள."

இந்த முறை எல்லாம் கூடி வந்தது. காவல் கப்பல் எங்கோ தூரத்தில் இருந்தது. சரக்குக் கப்பல் முழு விலாவையும் காட்டிக்கொண்டு மெதுவாக எங்கள் முன்னால் வந்தது. குறுக்குக்கோடு புகைபோக்கிக்குக் கீழே நின்றது. அவர் விரல் பட்டன் மேல் இருந்தது.

அமுக்கவில்லை. கோடு மெல்ல மூக்கை நோக்கி நகர்ந்தது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்கிறாரே என்று எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. அவர் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கி, கோட்டைத் திரும்பவும் புகைபோக்கிக்குக் கீழே கொண்டுவந்தேன்.

"அங்க வேணாம் மாப்ள. கீழ ஆளுங்க இருப்பாங்க."

"அத்தான், இது கேம்."

"ஏணி ஏறி மேல வர்றதுக்குள்ள தண்ணி நெறஞ்சிடும். தெனமும் டூட்டி முடிஞ்சு அந்த ஏணியிலதானே ஏறி வர்றேன், எனக்குத் தெரியாதா?"

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். மூடி என்ன பிரயோசனம்.

பின்னால் கட்டிலருகே அக்கா அவருடைய பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் நின்றுபோயிருந்தது.

இவ்வளவு நேரம் எனக்கு வந்ததெல்லாம் ஒரு கோபமா என்று தோன்றியது. இப்போதுதான் நிஜமாகவே வந்தது. சத்தியம் பண்ணின வாயா இது என்று கேட்கத் திரும்பினேன். அத்தான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கப்பல் எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தது.

அக்காவின் கையில் இரண்டு வெள்ளை ஏப்ரன்கள் இருந்தன. சமையலறையில் கட்டிக்கொள்ள அவளே அவருக்குத் தைத்துக் கொடுத்தவை.

"அவர ஒண்ணும் சொல்லாதடா," என்றாள். "போன தடவ நான் மடிச்சு வச்ச மடிப்பு கலையாமத்தான் இது திரும்பி வந்துச்சு."

அதே மடிப்போடு இரண்டையும் பெட்டிக்குள் வைத்தாள்.