கெய்ட்டர்

"எந்திரிச்சு ஓடுங்களேன்! பாப்பா அங்க நிக்கிறா!"

அவள் அலறினாள். அவள் புருஷனோ வாசற்படியில் உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே தடித்த தோல் உறையைச் சுற்றிக்கொண்டிருந்தான். நாய்ப் பயிற்சிக்கூடத்துப் பழைய ஆட்கள் அதை 'கெய்ட்டர்' என்பார்கள். தினமும் அதைக் கட்டிக்கொண்டு திருடன் மாதிரி ஓடி, நாய்க்குக் காலைக் கொடுப்பதுதான் அவனுடைய வேலை.

எதிரே பயிற்சி மைதானத்தில் நாய்க் கூண்டின் கதவு திறந்து கிடந்தது. மேஜர் என்ற அந்தக் கன்றுக்குட்டி உயர நாய், பாப்பாவைச் சுற்றிச் சுற்றி வந்து உறுமியது. பயிற்சியாளர் சொன்னால் மட்டும்தான் அது கேட்கும். அந்த மனிதர் இன்று லீவு.

"பாப்பா, ஓடாதம்மா! அப்படியே நில்லு!" என்று அவன் கத்தினான். கை மட்டும் வாரை விடவில்லை.

நேற்றுத்தான் மேஜர் கடித்து அந்தத் தோலைக் கிழித்திருந்தது. தைப்பதற்காக வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தான்.

"இந்தக் கந்தலைக் கட்டலைன்னா குடியா முழுகிடும்? உன் கால்தான் உனக்குப் பெரிசா? நீயெல்லாம் ஒரு அப்பனா!" கல்யாணமானதிலிருந்து அவள் அவனை 'நீ' என்றதே இல்லை.

அவசரத்தில் வார் இரண்டு தடவை நழுவியது. இனி இவனை நம்பிப் பயனில்லை என்று அவளே இறங்கப் போனாள். அவளைத் தள்ளிவிட்டு அவன் பாய்ந்தான்.

பாப்பாவை நோக்கி இல்லை. நேர் எதிர்ப்பக்கமாக, தலைதெறிக்க ஓடினான்.

"அடப்பாவி!" என்று அவள் கத்தினாள்.

மேஜர் தலையைத் தூக்கிப் பார்த்தது. அடுத்த நொடி பாப்பாவை விட்டுவிட்டு அவன் பின்னால் பறந்தது. அவள் விழுந்தடித்து ஓடிப்போய்க் குழந்தையை வாரிக்கொண்டாள்.

கூண்டு ஆட்கள் கயிறும் கம்புமாக வந்து நாயைப் பிரிப்பதற்குள் அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. அவன் மண்ணில் கிடந்தான். தோலின் கிழிசல் வழியாக ரத்தம் கொட்டியது.

பாப்பாவை இடுப்பில் வைத்தபடியே அவள் அவன் பக்கத்தில் விழுந்தாள். முந்தானையால் காலை அழுத்திப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"கிழிஞ்சதுன்னு தெரிஞ்சும் இதை எதுக்குங்க கட்டினீங்க?"

அவன் பாப்பாவின் பாதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். ஒரு கீறல்கூட இல்லை.

"இதைக் கட்டினாத்தானே அது என்னைத் துரத்தும்?"