சரிவில் நின்ற வண்டி

காஞ்சிபுரத்துக்குத் திரும்பி இரண்டு வருஷமாகியும், வடக்கே நிலக்கரிச் சுரங்கத்தில் கால் போனது எப்படி என்று குமாரசாமி வாய் திறக்கவில்லை. கேட்டுக் கேட்டு அவன் மனைவி அம்சவேணிக்கு அலுத்துவிட்டது. இன்று, அவனோடு வேலை செய்த கண்ணாயிரம் ஐயம்பேட்டையிலிருந்து வந்திருந்தான். குமாரசாமி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான்.

“நீயாவது சொல்லுண்ணே. கரிவண்டி சரிவுல உருளாம சக்கரத்துக்கு முன்னால இரும்புக்கட்டை போடுவோம்னு எழுதுவாரே. அன்னிக்கு அது இல்லியா?”

“இல்லம்மா.”

“எந்தப் பாவி எடுத்தான்? அவன் குடும்பம் விளங்குமா?”

“அப்பிடிச் சொல்லாதேம்மா. அன்னிக்கு ஆயுதபூஜை. குமாரசாமிதான் கட்டையை உருவிக் கழுவி, பொட்டு வெச்சு, பூஜையில வெச்சான். கட்டைக்குப் பதிலா ஒரு கல்லை வண்டிக்கு முட்டுக் குடுத்தான். கல்லு நழுவிடுச்சு.”

“அதை ஏன் எடுக்கணும்? சுத்தியல், மண்வெட்டியெல்லாம் இருக்குதே.”

“நானும் அதான் கேட்டேன். உன் கடுதாசியைக் காட்டினான். ‘உங்க உயிரைக் காப்பாத்தற சாமி அந்தக் கட்டைதான், அதுக்குத்தான் முதல் பொட்டு’ன்னு எழுதியிருந்தே.”

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. “கண்ணாயிரமா? என்னப்பா சொல்லிக்கினு இருக்கிற?”

அம்சவேணி முந்திக்கொண்டாள்.

“அண்ணன் ஒண்ணும் சொல்லலை. நான்தான் ஊர்க்கதை பேசிக்கினு இருக்கேன்.”