செம்பு நீங்கிய பிறகு

ஆய்வுக்கூடத்தில் கூடியிருந்த விருந்தினர்களுக்குத் தெரியும்படி கருஞ்சிவப்புக் கரைசலைத் தென்னரசு உயர்த்திப் பிடித்தபோது, பியூலா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்கே தெரியாத மூலக்கூறு வளையங்கள், சங்கிலிக் கண்ணிகளைப் போல ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டு அதற்குள் மிதக்கின்றன, நடுவில் இருக்கும் செம்பு அணுவை எடுத்துவிட்டாலும் இனி அவை பிரியாது என்று பேராசிரியர் சொல்லிக்கொண்டிருந்தார். அதோடுதான் அவளும் தென்னரசும் ஒரே மேஜையில் வருடக்கணக்காக மாரடித்தார்கள்.

நேற்று அவன் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அவள் ஒரு துளியை எடுத்து, செம்பை நீக்கிப் பார்த்துவிட்டாள். வளையங்கள் முழு வட்டமாக மூடியிருக்கவே இல்லை. பிடித்துவைத்திருந்த செம்பு போனதும் ஆளுக்கொரு பக்கமாக நழுவிவிட்டன. காலையில் அவனிடம் சொல்லிவிட நினைத்தாள். அவன் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றதும் குடுவைகளைக் கழுவப் போய்விட்டாள்.

தென்னரசு கண்ணாடித் தடுப்புக்குள் கைவிட்டு, செம்பைப் பிரிக்கும் சயனைடு கரைசலை ஊற்றினான். சிவப்பு மெல்ல வெளிறி, குடுவையில் தண்ணீர்போல ஒன்று மிஞ்சியது. வளையங்கள் சேர்ந்திருந்தாலும் பிரிந்திருந்தாலும் அது அப்படித்தான் இருக்கும். எல்லோரும் கைதட்டினார்கள். பேராசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தென்னரசு அவள் பக்கத்தில் வந்து நின்றான். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது.

"கைதட்டு பியூலா, எல்லாரும் பாக்குறாங்க," என்றான், உதடு அசையாமல். "நானும் போன வாரமே செம்பை எடுத்துப் பாத்துட்டேன்."