இரண்டு தட்டு

உச்சி வெயிலில் கடல் கண்ணைக் கூசவைக்கிறது. சுற்றுலாப் பேருந்தில், பின்படியை ஒட்டிய கடைசி இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார் ஓய்வுபெற்ற நடத்துநர். முன்னால் நல்ல இடம் இருக்கிறது என்று வழிகாட்டிப் பெண் எவ்வளவோ சொல்லியும் மசியவில்லை. "படி கண்ல படலேன்னா எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாதும்மா." மனைவி, "கால நனைச்சிட்டு இதோ வந்துடறேங்க" என்று இறங்கிப் போயிருக்கிறாள். கரையிலிருந்து ஒவ்வொருவராக ஏறுகிறார்கள். செருப்புகளிலிருந்து ஈர மணல் படியில் உதிர்கிறது. தொப்பிக்காரர் ஒருவர் ஏறியதும் படி காலியாகிறது. நடத்துநரின் உள்ளங்கை தானாக எழுந்து பக்கத்துத் தகரத்தில் இரண்டு தட்டு தட்டுகிறது. "போலாம், ரைட்!" ஓட்டுநரும் பழம் தின்று கொட்டை போட்டவர், திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டியை எடுக்கிறார். அப்போதுதான் பின்கண்ணாடியில் அவள் தெரிகிறாள். ஒரு கையில் செருப்பு. முழங்கால்வரை தண்ணீர். ஒவ்வொரு அலைக்கும் ஒரு துள்ளல் துள்ளி, தனக்குத்தானே வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். முப்பத்தோரு வருடம், விடியுமுன் இவர் வேலைக்குக் கிளம்பிய பிறகு அந்த வீட்டில் அவள் எப்படி இருந்தாள் என்று இவர் பார்த்ததே இல்லை. ஒரே ஒரு தட்டு தட்டினால் வண்டி நின்றுவிடும். ஓங்கிய கை அந்தரத்திலேயே இருக்கிறது.