கழுகு நாணயத்தின் கூடப்பிறந்தவர்கள்

நாணயம் சேகரிக்கும் ஒருவரின் கண்ணாடிப் பெட்டிக்குள், வெல்வெட் மெத்தைமேல் ஒரு தங்க நாணயம் இருந்தது. அமெரிக்கா புது தேசமாக இருந்த காலத்தில் அடித்தது; முகத்தில் ஒரு பெண், முதுகில் ஒரு கழுகு. அந்த வருஷத்து நாணயங்களில் உலகத்திலேயே அது ஒன்றுதான் மிஞ்சியது என்று நம்பினார்கள்; அதன் மதிப்பும் அதனால்தான். துணைக்குப் பக்கத்தில் ஒரு பூதக்கண்ணாடி.

"என் கூடப்பிறந்தவங்க அத்தனை பேரையும் தங்கத்துக்கு ஆசைப்பட்டு உலையில போட்டு உருக்கிட்டாங்கண்ணே" என்று நாணயம் தினமும் அழும். பூதக்கண்ணாடிக்கு மனசு கேட்காது. அதுவும் சேர்ந்து கலங்கும்.

ஒருநாள் போன் வந்தது. எங்கோ பழைய வீட்டை இடித்தார்களாம். சுவருக்குள் ஒரு ஜாடி, ஜாடி நிறைய அதே வருஷத்துக் கழுகு நாணயங்கள்!

பூதக்கண்ணாடி பூரித்துப்போனது. சேகரிப்பவரோ இழவுச் செய்தி கேட்டவர்போல் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்துவந்து, நாணயத்தை வெல்வெட்டிலிருந்து எடுத்து, செப்புக்காசுகள் கிடக்கும் கீழ் டிராயரில் போட்டார்.

"அவர் கிடக்கிறார், விடும்மா. உன் சொந்தபந்தமெல்லாம் உயிரோட இருக்கே! ஏன் பேசமாட்டேங்கிற?" என்றது பூதக்கண்ணாடி.

டிராயர் மூடப்போகும் நேரத்தில்தான் நாணயம் வாய் திறந்தது.

"அண்ணே, அந்த உலை இன்னும் எரியுதா? ஜாடி முழுக்கப் போட இடம் இருக்குமா?"

பூதக்கண்ணாடிக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருஷமாக அந்த முகத்தைத்தான் அது பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது.